பூனை விழுவதற்கு முன்பே எழுதப்பட்ட இசை

கணினித் திரையில் இரண்டு சிறு வட்டங்கள். ஒன்று இடப்பக்கமிருந்தும் மற்றொன்று வலப்பக்கமிருந்தும் கிளம்பி, நடுவில் ஒரு கணம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பிறகு நேராகப் போய்விடுகின்றன. ஒன்றையொன்று கடந்து சென்றதாகத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அதே படத்தில், வட்டங்கள் சந்திக்கும் கணத்தில் மட்டும் ‘டக்’ என்று ஒரு சிறு ஒலியைச் சேர்த்துப் பாருங்கள். இப்போது பலருக்கு வட்டங்கள் மோதிக்கொண்டு வந்த வழியே திரும்பியதாகத் தெரியும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே இதழில் இன்னொன்று வந்தது: ஒரே ஒருமுறை மின்னும் ஒளியோடு இரண்டு ‘பீப்’ ஒலிகளைக் கேட்கவைத்தால், ஒளி இரண்டுமுறை மின்னியதாக மக்கள் சத்தியம் செய்கிறார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொன்னது வேறு சந்தர்ப்பத்துக்கு என்றாலும், இங்கும் பொருந்துகிறது.

ஆய்வகங்கள் இதை அளப்பதற்குச் சுமார் எழுபது ஆண்டுகள் முன்பே, கார்ட்டூன் வரைந்தவர்கள் இதை வைத்துப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். எலி படியேறினால் சைலோபோன் படியேறும். பூனை வழுக்கினால் டிராம்போன் வழுக்கும். இதைப் பார்த்துச் சிரிக்கும் நாம் இயல்பாக ஒன்றை நினைத்துக்கொள்கிறோம்: படத்தை முழுவதும் வரைந்து முடித்தபின் இசையமைப்பாளர் உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் ஒலியை ஒட்டியிருக்கிறார் என்று. கார்ட்டூனின் பொற்காலம் எனப்படும் 1930களிலும் 40களிலும் நடந்தது பெரும்பாலும் வேறு. படத்துக்கும் இசைக்கும் பொதுவான ஒரு தாளக் கணக்கு முதலில் போடப்பட்டது. வரைபவர் அந்தக் கணக்குக்கு வரைந்தார். இசையமைப்பாளர் அதே கணக்குக்கு எழுதினார்.

ஊமைப் படக் காலத்தில் இது நடந்திருக்க வழியில்லை. கேமராவைக் கையால் சுற்றினார்கள். திரையிடுபவர் தன் வசதிக்கேற்ப வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். அரங்கில் பியானோவோ ஆர்கனோ வாசித்தவர் திரையை அண்ணாந்து பார்த்தபடி ஒட்டி ஓடினார், அவ்வளவுதான். பேசும்படம் வந்தபோது வேகத்தைப் பூட்டியாக வேண்டியிருந்தது. ஏனென்றால் படச்சுருளில் பதிந்த ஒலி, ஓட்டம் சற்று மாறினாலும் சுருதி மாறிவிடும். பட வேகம் சற்றுக் கூடுவதைக் கண் பொறுத்துக்கொள்ளும். சுருதி விலகுவதைக் காது பொறுக்காது. அப்படி நிலைத்ததுதான் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள், என்ற எண். ஒலிக்காகச் செய்த அந்த ஏற்பாடு, எதிர்பாராமல் வரைபவர்கள் கையில் ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டது. இத்தனை பிரேம் என்றால் இத்தனை நேரம் என்று இனி அடித்துச் சொல்லலாம்.

இதை முதலில் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டது வால்ட் டிஸ்னியின் சிறு குழு. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி அரங்கில் ‘ஸ்டீம்போட் வில்லி’ திரையிடப்பட்டது. ஒலியோடு வந்த முதல் கார்ட்டூன் அதுவல்ல. ஃபிளைஷர் சகோதரர்கள் அதற்கு முன்பே ஒலியோடு படங்கள் எடுத்திருந்தார்கள். ஆனால் அசைவும் ஓசையும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தது இங்கேதான். வில்ஃப்ரெட் ஜாக்சன் என்ற இளம் ஊழியருக்கு மவுத் ஆர்கன் வாசிக்கத் தெரியும். அவருடைய தாயார் பியானோ கற்றுக்கொடுப்பவர். ஜாக்சன்தான், சீராகத் தட்டித் தாளம் காட்டும் மெட்ரோனோமைக் கொண்டுவந்து, அதன் ஒரு தட்டுக்கு இத்தனை பிரேம் என்று கணக்குப் போட்டார். எல்லா அசைவும் அந்தத் தட்டுகளின்மேல் வரையப்பட்டன. ஆடு இசைத்தாளைத் தின்றுவிடுகிறது. அதன் வாலைக் கைப்பிடிபோலச் சுற்றினால் பாட்டு வருகிறது. பசுவின் பற்கள் சைலோபோன் ஆகின்றன. விலங்குகளை வதைத்து இசை எழுப்பும் இந்த நகைச்சுவை இன்று சற்று முரட்டுத்தனமாகத் தெரிகிறது. ஆனால் எது வாத்தியம், எது உடம்பு என்று பிரிக்க முடியாமல் செய்தது அதுதான்.

ஒலிப்பதிவு அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. நியூயார்க்கில் முதல்முறை பதிவு செய்தபோது, அனுபவமிக்க இசைநடத்துநர் ஒருவராலேயே படத்தோடு ஒட்டி இசைக்குழுவை நடத்த முடியவில்லை. பணம் வீணாயிற்று. இரண்டாம் முறைக்காக டிஸ்னி தன் காரை விற்க வேண்டியிருந்தது. இம்முறை இசைநடத்துநர் பார்க்கும் படத்தில் தாளத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு பந்தைச் சேர்த்தார்கள். அவர் கதையைப் பார்க்க வேண்டியதில்லை, பந்தைப் பார்த்தால் போதும். சேர்ந்துவிட்டது.

கணக்கு எளிமையானது. விநாடிக்கு 24 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 1440. பன்னிரண்டு பிரேமுக்கு ஒரு தாள அடி வைத்தால் நிமிடத்துக்கு 120 அடி, மிடுக்கான நடைவேகம். எட்டுப் பிரேமுக்கு ஒன்று என்றால் 180, துரத்தல். இயக்குநர் முதலில் காட்சியின் வேகத்தைத் தீர்மானிப்பார். பிறகு இசைத்தாளைப் போலவே கட்டம் பிரித்த நீண்ட தாளில், எந்த அடியில் காலெடுத்து வைக்கிறது, எந்த அடியில் திரும்பிப் பார்க்கிறது, எந்த அடியில் தலையில் சட்டி விழுகிறது என்று குறிப்பார். ‘பார் ஷீட்’ என்பது அதற்குப் பெயர். அதன் ஒரு பிரதி இசையமைப்பாளருக்குப் போகும். அதே விவரம் பிரேம்வாரியான அட்டவணையாக மாறி, வரைபவருக்குப் போகும். ஏழு நிமிடக் கார்ட்டூன் ஒன்றில் 10,080 பிரேம்கள். அத்தனையிலும் தாள அடிகள் எங்கே விழும் என்பது ஒரு கோடு வரையும் முன்பே தெரிந்திருக்கும். பூனை இன்னும் எந்தப் படத்திலும் விழவே இல்லை. அது விழும்போது ஒலிக்க வேண்டிய தாளக்கருவிக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது.

எது முந்த வேண்டும் என்பதில் டிஸ்னிக்கும் அவருடைய முதல் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங்குக்கும் இழுபறி இருந்தது. ஸ்டாலிங் கன்சாஸ் சிட்டியில் ஊமைப் படங்களுக்கு ஆர்கன் வாசித்துப் பழகியவர். ஆண்டுக்கணக்கில் படத்தின் பின்னால் ஓடி அலுத்திருப்பார் போலும். இசைக்குப் படம் ஆடட்டும் என்பது அவர் கட்சி. டிஸ்னிக்கோ சிரிப்பு முக்கியம். சிரிப்புக்கு ஏற்ற இடத்தில் இசை வளைந்துகொடுக்க வேண்டும். முடிவில் இரண்டு வரிசைகள் உருவாயின. மிக்கி மௌஸ் படங்களில் இசை அசைவுக்கு வளையும். ‘சில்லி சிம்பனி’ வரிசையில் அசைவு இசைக்கு வளையும். இரண்டாவது வரிசையின் முதல் படம், 1929இல் வந்த எலும்புக்கூடுகளின் நடனம், ஸ்டாலிங் கொடுத்த யோசனை.

அவர் 1930இல் டிஸ்னியை விட்டுப் போனார். 1936 முதல் 1958 வரை வார்னர் பிரதர்ஸில் அறுநூறுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களுக்கு இசையமைத்தார். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று! அவருக்குப் பெரிய இசைக்குழு கிடைத்தது; வார்னர் நிறுவனம் வைத்திருந்த பாட்டுகளின் முழுக் களஞ்சியமும் கிடைத்தது. சிவப்பு உடை உடுத்த பெண் திரையில் வந்தால், சிவப்பு உடைப் பெண்ணைப் பற்றிய பாட்டின் ஒரு கீற்று ஒலிக்கும். சாப்பாடு வந்தால் சாப்பாட்டுப் பாட்டு. நம் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் யாராவது ஏமாந்து நிற்கும்போது பழைய பாட்டு ஒன்றின் ஒரு வரியைப் போடுகிறார்களே, அதே வேலை. பாட்டின் வரிகள் தெரிந்த அன்றைய அமெரிக்க ரசிகருக்கு அது இரட்டைச் சிரிப்பு. இன்று கேட்பவருக்குப் பாதிக்குமேல் புரியாது. இயக்குநர் சக் ஜோன்ஸுக்கு அன்றைக்கே இந்தப் பழக்கம் அலுப்புத் தட்டியது. எனக்கு ஸ்டாலிங்கிடம் பிடித்தது வேறு: நான்கு விநாடி வால்ட்ஸ், இரண்டு விநாடி மௌனம், ஒரு விநாடி அலறல், மறுபடி வேறொரு வேகம் என்று அவர் தாவும் தாவல். தனியாகக் கேட்டால் பைத்தியக்காரத்தனம். படத்தோடு கேட்டால் ஒரு தையல்கூடத் தெரியாது.

எம்ஜிஎம்மில் ஸ்காட் பிராட்லியின் வழி இதற்கு எதிரானது. கடன் பாட்டுகளைக் குறைத்து, தானே எழுதுவதை விரும்பினார். டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதால், யார் என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்லும் பொறுப்பும் இசையின் தலையில்தான். 1944இல் வந்த ஒரு படத்தில் ஜெர்ரி பெரிய நாய்த்தலை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடும். அந்த விநோத உருவத்துக்குப் பொருத்தமாக எதுவும் அகப்படாமல், பிராட்லி, இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரண்டு ஸ்வர முறையைக் கையாண்டார்: பன்னிரண்டு ஸ்வரங்களும் ஒருமுறை வந்து முடியும்வரை எதுவும் திரும்ப வரக்கூடாது என்ற விதி. கச்சேரி அரங்குகளில் ரசிகர்களைத் திணறவைத்த இசை அது. குழந்தைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஓடுகிற எலிக்கு அதுதான் பொருத்தம் என்று ஏற்றுக்கொண்டார்கள். டாம் கச்சேரி மேடையில் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியை வாசிக்க, பியானோவுக்குள் தூங்கும் ஜெர்ரி விழித்துக்கொள்ளும் படம் 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அதில் டாமின் விரல்கள் உண்மையிலேயே சரியான கட்டைகளை நோக்கிப் போகின்றன. இசையை முன்னால் வைத்துக்கொண்டு வரையாமல் இது நடக்காது.

இசைக்குழு எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. வார்னரில் ட்ரெக் பிரவுன், டிஸ்னியில் ஜிம்மி மெக்டொனால்ட் ஆகியோர் ஓசைகளின் அதிபதிகள். தகரம், விசில், ரப்பர், உடைந்த இயந்திரம் எதுவானாலும் அவர்களுக்குக் கச்சாப்பொருள். இசையும் ஓசையும் ஒரே புள்ளியில் முட்டினால் இரண்டும் கெட்டுவிடும். எனவே இந்த அடி தாளக்கருவிக்கு, அந்த ‘டமால்’ ஓசைக்காரருக்கு என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது நல்லது. பதுங்கி நடந்தால் வயலின் தந்திகளை விரலால் மீட்டுவது, கண் சிமிட்டினால் சைலோபோனில் ஒரு தட்டு என்ற வழக்கங்கள் அப்படிப் பங்கிட்டு நிலைத்தவை. அனிமேட்டர்களுக்குள் ஒரு பழக்கமும் உண்டு: அடி விழும் படத்தை, ஓசைக்கு ஓரிரு பிரேம் முன்னால் வைப்பார்கள். அதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் நகரும். ஒரு பிரேம் ஓடும் நேரத்தில் அது கடப்பது 14 மீட்டரைச் சற்றே தாண்டும். தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்துப் பழகிய மூளை, ஓசை பிந்துவதை மன்னிக்கும், முந்துவதை மன்னிக்காது. ஒலிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்றில் உள்ள அளவுகளும் இதையே காட்டுகின்றன: ஓசை 45 மில்லிவிநாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை தெரிவதில்லை. மூன்று பிரேம் சலுகை அது.

இந்தக் கலை கார்ட்டூனைத் தாண்டி, மனிதர்கள் நடிக்கும் படங்களுக்குள் வந்தபோது சிக்கல் தொடங்கியது. வியன்னாவில் பிறந்து ஹாலிவுட் வந்த மேக்ஸ் ஸ்டெய்னர் 1933இல் ‘கிங் காங்’ படத்துக்கு இசையமைத்தார். தீவின் தலைவன் படக்குழுவை நோக்கி நடந்துவரும்போது, அவன் ஒவ்வொரு அடிக்கும் இசைக்குழு ஒரு அடி வைக்கிறது. இரண்டாண்டுகள் கழித்து, ஆஸ்கார் வாங்கித்தந்த இன்னொரு படத்தில், சிறையில் சொட்டும் நீரின் ஒவ்வொரு துளியையும் இசையில் பிடிக்க ஆசைப்பட்டார். துளிகள் தாளத்தில் விழ வேண்டுமென்று, பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரோடு சேர்ந்து தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்வதில் மல்லாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். இசைக்குத் தண்ணீரைப் பழக்கப் பார்த்த அந்தப் பிடிவாதத்தில் ஒரு கார்ட்டூன்காரர் ஒளிந்திருக்கிறார்.

நடிகரைப் பழக்குவது அதைவிடக் கடினம். கார்ட்டூனில் அடி தவறினால் காலை இரண்டு பிரேம் தள்ளி வரையலாம். எடுத்து முடித்த காட்சியில் நடிகர் எப்போது கதவைத் திறந்தாரோ அப்போது திறந்ததுதான். ஆகவே இசைதான் நெளிய வேண்டும். பன்னிரண்டு பிரேமுக்கு ஓர் அடி என்றால் நிமிடத்துக்கு 120, பதினொன்றுக்கு என்றால் கிட்டத்தட்ட 131. இடையில் உள்ள வேகங்கள் எல்லாம் கைநழுவுகின்றன. அதற்காகப் பிரேமை எட்டாகப் பிரித்து, பதினொன்றேகால், பதினொன்றரை என்றெல்லாம் வேகம் வைத்தார்கள். படச்சுருளின் ஒலித்தடத்தில் அந்தந்த இடத்தில் துளையிட்டால், ஓட்டும்போது ‘டிக், டிக்’ என்று கேட்கும். இசைக்கலைஞர்கள் அதைக் காதொலியில் கேட்டபடி வாசிப்பார்கள். இன்று கணினியில் இசையமைப்பவர் எல்லோரும் தினமும் கேட்கும் ‘கிளிக் டிராக்’ அதன் வாரிசு.

நம்மூர்ப் படங்களில் இந்த இரண்டு முறைகளும் ஒரே படத்துக்குள் குடியிருக்கின்றன. பாட்டு முதலில் பதிவாகிறது. படப்பிடிப்புத் தளத்தில் ஒலிபெருக்கியில் அதை ஓடவிட்டு, அதற்கு வாயசைத்து ஆடுகிறார்கள். எடிட்டர் தாள அடியில் வெட்டுகிறார். இது சில்லி சிம்பனி முறை. படம் முடிந்தபின் ‘ரீ-ரெக்கார்டிங்’ என்று இசையமைப்பாளர் உட்காரும்போது, ஸ்டெய்னர் பட்ட பாடு தொடங்குகிறது. ஒரு முகத்தை மூன்றுமுறை நெருங்கிக் காட்டி மூன்றுமுறை இடி இடிக்கவிடும் தொலைக்காட்சித் தொடர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அசைவுக்கு அசைவு இசையை ஒட்டவைப்பதை ஹாலிவுட்டில் ‘மிக்கி மௌஸிங்’ என்று ஏளனமாகச் சொல்லத் தொடங்கினார்கள். இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லரும் தத்துவவாதி தியோடர் அடோர்னோவும் சேர்ந்து எழுதி 1947இல் வந்த நூல், திரையில் தெரிவதையே இசையும் திருப்பிச் சொல்வதைக் கடுமையாகச் சாடியது. அதற்கு வெகு முன்பே, 1928இல், சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனும் அவருடைய இரண்டு தோழர்களும், ஒலி படத்தோடு ஒத்துப்போகாமல் எதிர்நின்று பேச வேண்டும் என்று அறிக்கை விட்டிருந்தார்கள். அதே ஐசன்ஸ்டைன் 1930இல் ஹாலிவுட் போனபோது டிஸ்னியைத் தேடிச் சந்தித்தார். பின்னாளில் டிஸ்னியின் படங்களைப் பற்றி மெய்மறந்து எழுதினார். முரண்பாடு என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நடிகருடைய உடம்புக்கு எடை இருக்கிறது. அவர் படியிறங்கும்போது முழங்கால் மடங்குவதும் தோள் குலுங்குவதும் தெரிகின்றன; இசையும் கூடவே இறங்கினால், தெரிந்ததை இரண்டாம் முறை சொல்வதாகிவிடுகிறது. இன்னும் மோசம், யாரோ நூல்கட்டி இழுப்பதுபோல அந்த மனிதர் பொம்மையாகிவிடுகிறார். கார்ட்டூன் உருவமோ மையால் இட்ட கோடு. அது கனமா, இலேசா, இரும்பா, பஞ்சா என்று கோடு மட்டும் சொல்லாது. ஒரே பந்தைக் குதிக்கவிட்டு ‘டொய்ங்’ என்று ஒலித்தால் ரப்பர். ‘ணங்’ என்று ஒலித்தால் இரும்புக் குண்டு. அங்கே ஓசை செய்வது அலங்காரம் அல்ல, கட்டுமானம். ஏளனம் செய்தவர்கள் ஒரு ஊர்ச் சட்டத்தை இன்னொரு ஊரில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். மனிதர்கள் நடிக்கும் படத்தில் சிரிப்பூட்ட நினைக்கும்போது மட்டும் அந்த முறை சட்டென்று எடுபடுவதும் இதனால்தான். அங்கே மனிதரைப் பொம்மையாக்குவதே நோக்கம்.

ஒட்டவைப்பதில் கைதேர்ந்தவர்களுக்குத்தான் விடவும் தெரிந்திருந்தது. ரோட் ரன்னர் படங்களில் ஓநாய் மலையுச்சியிலிருந்து விழும்போது ‘தடால்’ என்ற ஓசை வருவதில்லை. விசில் ஒலி இறங்கிக்கொண்டே போகிறது. நெடுந்தூரத்தில் ஒரு துளி தூசி, எங்கோ ஒரு சின்னச் ‘சொத்’. பள்ளத்தின் ஆழம் முழுவதையும் அந்த ஓசையின் சிறுமைதான் அளந்து காட்டுகிறது. செர்ஜியோ லியோனே 1968இல் எடுத்த வெஸ்டர்ன் படத்தின் தொடக்கத்தில் நிமிடக்கணக்கில் இசையே கிடையாது. காற்றாலை கிரீச்சிடுகிறது, ஈ ஒன்று மொய்க்கிறது, தொப்பியின்மேல் நீர் சொட்டுகிறது. ஸ்டெய்னர் தாளத்துக்கு வரவழைக்கப் பார்த்த அதே நீர்த்துளி, இங்கே எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் விழுந்து நம்மைப் படுத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் படத்துக்கு மோரிகோனே எழுதிய இசை படப்பிடிப்புக்கு முன்பே தயாராகிவிட்டது. தளத்தில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்கவைத்தார் லியோனே. கார்ட்டூன்காரர்களின் பழைய முறைதான்.

கார்ட்டூனிலோ அந்த முறை பணமில்லாமல் நலிந்தது. எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை 1957இல் மூடியது. டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் தொலைக்காட்சிக்காகத் தனி நிறுவனம் தொடங்கினார்கள். தொலைக்காட்சி கொடுத்த பணத்தில் படத்துக்குப் படம் பெரிய இசைக்குழுவை வைத்துப் புதிதாக எழுதி வாசிக்க முடியாது; முன்பே பதிந்துவைத்த இசைத்துணுக்குகளை எடுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு கார்ட்டூனுக்கும் வரையும் படங்களின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். உடம்பு அசையாமல் வாய் மட்டும் அசைந்தது. அப்போது ஓசைக்காரர்களின் வேலை தலைகீழானது. ஒருவன் சட்டகத்தை விட்டு வெளியே ஓடுகிறான். ‘டமால்’ என்று கேட்கிறது. படம் ஒரு குலுக்குக் குலுங்குகிறது. அடுத்த காட்சியில் அவன் தலையில் கட்டோடு நிற்கிறான். மோதலை யாரும் வரையவில்லை. ஆனால் பார்த்த குழந்தைகளைக் கேட்டால், அவன் எப்படி மோதினான் என்று கைகால்களை ஆட்டி விவரமாகச் சொல்வார்கள்.